ஃபீஸ் வேண்டாம்

சோல் நடத்துகிறவள் அந்தப் பணத்தை வாய் தவறிக்கூட "என் பணம்" என்று சொல்லக்கூடாது. விளையாட்டுக்கும் கூடாது. பெல்ஃபோர்ட் ஊரில் மிர்லாந்துக்கு முன்னால் சோல் நடத்தியவள், ஒரு கல்யாண விருந்தில் இரண்டு கிளாஸ் ரம் உள்ளே போன சந்தோஷத்தில், கைப்பையைத் தட்டிக் காட்டி, "கவலப்படாதீங்கப்பா, என் பணம் பத்திரமா இருக்கு" என்று சிரித்துவிட்டாள். அந்தச் சுற்று முடிந்ததும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அவள் யாருடைய காசையும் தொட்டவள் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். அதற்குப் பிறகுதான் எல்லாரும் மிர்லாந்திடம் வந்தார்கள்.

சோல் என்பது சீட்டுதான். ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, கையெழுத்து கிடையாது. கோழி ஆலையில் சம்பளம் போட்டதும் ஆளுக்கு ஒரு தொகை கொண்டுவந்து கொடுப்பார்கள். சேர்ந்தது மொத்தமும் முறை வைத்து ஒருவருக்குப் போகும். அப்படிப் போகிற மொத்தத்துக்குக் "கை" என்று பெயர். ஹெய்தியிலிருந்து வந்தவர்களுக்கு பாங்க் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒருவன் கேள்வி கேட்கிற இடம். சோல் என்றால் தெரிந்த ஒருத்தியின் முகம். அந்த முகத்தை நம்பித்தான் அவர்கள் கார் வாங்கினார்கள், ஊரில் கூரை போட்டார்கள், செத்தவர்களை மரியாதையாக அடக்கம் செய்தார்கள். மிர்லாந்தை எல்லாரும் "சோல் அம்மா" என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய விதவை, ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை, இரண்டு மூட்டிலும் வலி. அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் அமெரிக்காவில் சேர்த்த சொத்து.

அக்டோபரில் ஒதிலோனுக்குக் கை. ஒதிலோன் முன்பு இதே ஆலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் நின்றவன். இப்போது ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் வேறொரு ஊர் ஆலையில் அதே வேலை. ஊர் மாறினாலும் சோலை விடவில்லை, ஒரு தவணையும் தப்பவில்லை. ஒரு கிழட்டு விவசாயி தன் பெட்டி லாரியை விற்கப்போவதாகவும், ரொக்கமாகக் கொடுத்தால் அவனுக்கே தருவதாகவும் சொல்லியிருந்தார். லாரி வந்துவிட்டால் சரக்கு ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம், கத்தியைக் கீழே வைத்துவிடலாம் என்று ஒதிலோன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

மொத்தம் பதினெட்டாயிரம் டாலர். கையை அவரவர் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது சோல் அம்மாவின் வழக்கம். மிர்லாந்த் தன் பைபிளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதன் ஜிப் போட்ட தோல் உறைக்குள் நோட்டுக்கட்டுகளை அடுக்கிக்கொண்டு காரை எடுத்தாள். பைபிள் உறையை யாரும் திருட மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. திருடர்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு சரிதான்.

டன்மோர் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் பின்னால் விளக்கு சுழன்றது. டயர் வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டதாம். ஷெரீஃப் அலுவலகத்து ஆள், பார்லோ என்று சட்டையில் பெயர், முகமெல்லாம் சிரிப்பு. எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, காரில் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பார்க்கலாமா என்றதற்கு, தாராளமாகப் பாருங்கள் என்றாள். மடியில் கனம் இல்லாதவள் வேறு என்ன சொல்வாள். உறையைத் திறந்து பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு வேறு மாதிரிச் சிரித்தான்.

"இது உங்க பணமாம்மா?"

மிர்லாந்த் நிமிர்ந்து நின்றாள். இந்தக் கேள்விக்கு அவளுக்கு ஒரே பதில்தான் தெரியும். அந்தப் பதிலால்தான் அவள் சோல் அம்மா.

"இல்ல சார். இதுல ஒரு நோட்டுகூட என்னோடது இல்ல."

"அப்போ யாரோடது?"

"எல்லாரோடதும்."

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டான். அங்கேதான் அவள் தயங்கினாள். சோலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் குடியேற்றப் பேப்பர்கள் இன்னும் இழுபறியில் கிடந்தன. போலீஸ்காரனிடம் ஒரு பெயரைச் சொல்வது என்பது அந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்வது. அவள் வாயை மூடிக்கொண்டாள். உங்களுடையது இல்லை, யாருடையது என்றும் சொல்ல மாட்டீர்கள், அப்படியானால் நான் எடுத்துக்கொண்டு போவதில் உங்களுக்கு வருத்தம் இருக்கக்கூடாதே என்றான் பார்லோ. பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கே தலை சுற்றியது.

கைது இல்லை. வழக்கு இல்லை. கோட்டைத் தொட்ட டயருக்கு அபராதம்கூட இல்லை. அவளைப் பத்திரமாகப் போகச் சொல்லிவிட்டுப் பணத்தை மட்டும் கைது செய்தான். இதையே முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒருவன் செய்தால் வழிப்பறி என்று பத்து வருஷம் உள்ளே தள்ளுவார்கள். தொப்பி போட்டவன் செய்தால் ரசீது தருவான். உறையையும் சேர்த்து எடுத்துப் போனான், அதுவும் சாட்சியாம்.

மிர்லாந்த் அடுத்த பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திவிட்டு ஒதிலோனுக்குப் போன் செய்தாள். அவன் கத்தவில்லை. "நீங்க பத்திரமா இருக்கீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அப்போது எல்லார் வாயிலும் வந்தது ஒரே பெயர், ரஸ் கெல்லம். பெல்ஃபோர்ட்டுக்குள் நுழையும்போதே பெரிய பலகையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்: "அடிபட்டீர்களா? கெல்லமைக் கூப்பிடுங்கள்." மிர்லாந்தோடு ஆலையில் வேலை செய்த ஈவ்ரோஸுக்கு விரல் போனபோது நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் போயிற்று. அது அவர் தொழில், யாருக்கும் குறையில்லை. அதோடு போகாமல் வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி தேவாலயத்துக்கு வந்து அவர்களோடு உட்கார்ந்து பூசணி சூப் குடித்தார். அவர்கள் மூதாதையர் அடிமைத்தளையை அறுத்த நாளில் குடிக்கிற சூப் அது. ஒரு காலத்தில் எஜமானர்கள் மட்டும் குடித்தது. வெளியாள் ஒருவருக்கு அதை ஊற்றிக் கொடுத்தால் அவர் வெளியாள் இல்லை என்று அர்த்தம். கெல்லம் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

மிர்லாந்த் அவர் அலுவலகத்துக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னாள். பார்லோவிடம் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னாள். சோலில் யார் யார், யார் பேப்பர் எந்த நிலையில் என்றும் கேட்டார். தெய்வத்திடமும் டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்கக்கூடாது என்று நினைத்து அதையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டார்.

"யாரும் வாயைத் தொறக்க வேண்டாம் மிர்லாந்த். கோர்ட் பக்கம் ஒருத்தரும் வர வேண்டாம். வாசல்ல எந்த அதிகாரி நின்னு யாரப் பிடிப்பான்னு சொல்ல முடியாது. நீங்களும் அலைய வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

அவள் கைப்பையைத் திறந்தாள். கெல்லம் எழுந்து வந்து அதை அவளுக்காக மூடினார்.

"ஃபீஸ் வேண்டாம். உங்ககிட்டப் போய் வாங்குவேனா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் கெல்லமின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். கோர்ட்டிலிருந்து கடுதாசி வந்தபோது அவள் அதை அப்படியே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். வழக்கமாக வருவதுதான், இங்கேயே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். எந்தத் தேதியில் விசாரணை என்பதை மட்டும் அவள் மனசில் குறித்துக்கொண்டாள்.

அந்தப் புத்தாண்டுக்குக் கெல்லம் சூப் குடிக்க வரவில்லை. நம் வழக்கு வேலையாக இருக்கும் என்று மிர்லாந்த் சொன்னாள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

விசாரணை அதற்கு அடுத்த வாரம். வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாலும், ஊரார் பணத்தைப் பற்றிப் பேசுகிற அன்று சோல் அம்மா வீட்டில் கம்பளிக்குள் படுத்திருக்க முடியுமா? மற்றவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் ஆலைக்கு லீவு போட்டாள். காலையில் எழுந்து சூப் வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டாள். புத்தாண்டுக்கு விட்டுப்போனது, வழக்கு முடிந்ததும் கையில் கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

கோர்ட்டில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தா வழக்கின் பெயரை வாசித்தார்: மாநில அரசு எதிர் பதினெட்டாயிரம் டாலர் ரொக்கம். மிர்லாந்துக்குத் தன் காதில்தான் கோளாறு என்று பட்டது. கோளாறு காதில் இல்லை. இந்த நாட்டில் மனிதன்மேல் வழக்குப் போட்டால் அவன் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டும். பணத்தின்மேல் போட்டால் அந்தத் தொல்லை கிடையாது. பணம் வாயைத் திறந்து நான் நல்ல பணம் என்று சொல்லாது.

கெல்லம் நல்ல சாம்பல் நிறக் கோட்டில் உள்ளே வந்தார். நேராக முன்னால் போய், பார்லோ உட்கார்ந்திருந்த மேசையில் தன் பையை வைத்தார்.

பாவம், மேசை மாறி உட்காருகிறார் என்று நினைத்தாள் மிர்லாந்த். பாதி எழுந்து, கையை உயர்த்தி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காலியாக இருந்த மேசையைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையிலிருந்து பேப்பரை எடுத்தார்.

"மாநில அரசின் சார்பில் கெல்லம் ஆஜராகிறேன், யுவர் ஆனர்."

அந்த நொடியில் அவளுக்கு எப்படி இருந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் படி இல்லாமல் போகுமே, அப்படி இருந்தது என்றாள்.

பணத்துக்கு உரிமை கோருகிறவர் யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டார். மிர்லாந்த் எழுந்து முன்னால் போனாள். மனுவே போடவில்லையே என்றார் நீதிபதி. எனக்குத் தெரியாது, பேச விடுங்கள் என்று கேட்டாள். சத்தியம் வாங்கிக்கொண்டு பேச விட்டார். கெல்லம் பார்லோவின் சட்டைக் காமிராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். திரையில் அவள் குரல், அவள் நிமிர்ந்து நின்ற முகம்: இதில் ஒரு நோட்டுகூட என்னுடையது இல்லை. பெருமையோடு சொன்னது. அந்தப் பெருமையைத்தான் அவர் இரண்டு தடவை ஓடவிட்டார். பைபிள் உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் தூக்கிக் காட்டி, வேத புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இதை ஒளித்து வைத்திருந்தாள் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு கேள்வி. இந்தப் பணம் உங்களோடதா?"

ஆம் என்று சொன்னால் பணம் கிடைக்குமோ என்னவோ. ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவள் ஆவாள். அதைவிட, அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சோல் நடத்துவாள்?

"இல்ல," என்றாள். "ஒதிலோனோட கை அது. நாங்க எல்லாரும் போட்டது."

"அந்த எல்லாரும் இன்னிக்கு இங்க இருக்காங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரியும், இருந்தும் பார்த்தாள். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. வேறு வழக்குக்காகக் காத்திருந்த இரண்டு மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதானே வர வேண்டாம்னு சொன்னீங்க," என்றாள். "உங்ககிட்டத்தான் எல்லாத்தையும் சொன்னேன். நீங்க எங்க வக்கீல்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கெல்லமைப் பார்த்தார். கெல்லமுக்கு வேர்க்கவில்லை. இந்த அம்மாள் என் கட்சிக்காரர் அல்ல, யுவர் ஆனர், ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஃபீஸ் என்று ஒரு சென்ட் வாங்கியதில்லை, தெரிந்தவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசியதுதான் என்றார். நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். வக்கீலைப் பற்றிப் புகார் இருந்தால் அதற்கென்று வேறு இடம் இருக்கிறது, என் முன்னால் இருப்பது உரிமையாளர் இல்லாத பணம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரு குடும்பம் காலைச் சாப்பாடு சாப்பிடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஃபீஸ் வேண்டாம் என்று அவர் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கைப்பையை அவர் மூடினாரே, அந்தக் கையால் அவள் வாயையும் சேர்த்து மூடியிருக்கிறார்.

வாசலில் கெல்லம் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இது சட்டம் என்றார். மிர்லாந்த் ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். எனக்கும் வருத்தம் இல்லை, வயிறுதான் எரிகிறது என்று சொல்லியிருக்கலாம் என்று காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

அன்று சாயங்காலம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொன்னாள். ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்திருந்தாள், தொட மனசு வரவில்லை. விரல் போன ஈவ்ரோஸ்தான் மூடியைத் திறந்தாள்.

"அவன் செஞ்சதுக்கு சூப் என்ன பண்ணும்?" என்று ஊற்றிக் குடித்தாள். குடித்துவிட்டு, "ஏன்டி, 'ஆமா என் பணம்'னு ரோட்டுலயே ஒரு வார்த்த சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

"சொல்லியிருந்தா முதல்ல விலகினது நீயாத்தான் இருப்ப," என்றாள் மிர்லாந்த்.

ஈவ்ரோஸ் தலையாட்டினாள். ஆனால் பின்வரிசையிலிருந்து வேறொரு பேச்சு வந்தது. வருஷா வருஷம் அவருக்கு சூப் ஊற்றியது யார், யார் பேப்பர் எப்படி இருக்கிறது என்று அவரிடம் சொன்னது யார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். யார் என்று மிர்லாந்த் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தை மறக்க முடியாது. போலீஸ்காரன் எடுத்தது பணம், வக்கீல் எடுத்தது அவள் பெயர். முதலாவதை ஆலையில் இரட்டை ஷிஃப்ட் நின்று அடைத்துவிடலாம்.

லாரியைக் கிழவர் வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். ஒதிலோன் வரிசையிலேயே நின்றான். மனசு ஒரு பக்கமும் கத்தி ஒரு பக்கமும் போய், இடது கையில் நரம்பு வரைக்கும் அறுத்துக்கொண்டான். தையல் போட்ட கையோடு அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வந்தவனைப் பார்த்துப் பதறி, ஆலைக்காரனிடம் நஷ்டஈடு கேள், நல்ல வக்கீலாகப் பார் என்றார்கள்.

"வக்கீலா?" என்றான் ஒதிலோன். "ஒருத்தரப் பாத்தது போதாதா?"

அவனுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு சட்டப்படி உள்ளது. அதைக் கேட்டு வாங்க ஒரு வக்கீல் வேண்டும். அவன் கேட்கப்போவதில்லை. ஊரில் ஒரு வக்கீல் இப்படிச் செய்தால் யாருக்கெல்லாம் லாபம் என்று யோசித்துப் பாருங்கள். ஆலைக்காரனுக்கும் லாபம்.

வழிபாடு முடிந்து எல்லாரும் கீழ்த்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் படியிறங்கி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், பனியில் நனைந்த பூட்ஸ், தோளில் பழைய பை. லெனா ப்ராட் என்று பெயர் சொன்னாள். தலைநகரில் வக்கீல். அன்றைக்குக் கோர்ட்டில் வேறொரு வழக்குக்காகப் பின்னால் காத்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. பார்த்ததிலிருந்து தூங்க முடியவில்லை, அதனால் விசாரித்துக்கொண்டு வந்தேன் என்றாள். அவள் பேசப் பேச மிர்லாந்த் அதைத் தங்கள் மொழியான கிரெயோலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டன்மோர் மாவட்டத்தில் இந்த மாதிரி வழக்குகளை அரசு வக்கீல் தானே நடத்துவதில்லையாம். கெல்லமிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஜெயித்துக் கொடுக்கிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. வருஷக்கணக்காக நடக்கிறது.

"மூணுல ஒண்ணு," என்றாள் ஈவ்ரோஸ். தன் விரல் இல்லாத கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "அவனுக்கு எங்க போனாலும் அதே கணக்குத்தான். நாம அடிபட்டாலும், நம்ம பணத்த அடிச்சாலும்."

ஃபீஸ் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஆலோசனை கேட்க வந்தவர் சொன்னதை அவருக்கு எதிராகவே பயன்படுத்த எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை என்றாள் லெனா. அப்பீல் போடலாம். அதற்கு அதிக நாள் மிச்சம் இல்லை. அதோடு, இந்தத் தடவை பணத்துக்கு ஆள் இருக்க வேண்டும். இது எங்களுடையது என்று பெயரோடு வந்து நிற்க வேண்டும். எல்லாரும் வேண்டாம், முடிந்தவர்கள் போதும். நானே நடத்துகிறேன் என்றாள். சொல்லிவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தபடி கடைசியாக ஒன்று சேர்த்தாள்.

"ஃபீஸ் வேண்டாம்."

மிர்லாந்த் இதை மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தை மட்டும் எல்லாருக்கும் இங்கிலீஷிலேயே புரிந்தது. யாரோ ஒருவர் தட்டில் கரண்டியை வைத்தார். பிறகு ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி, அறை முழுக்கப் பரவியது. சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"இவளுக்கும் சூப் ஊத்துங்கடி," என்றாள் ஈவ்ரோஸ். "இப்பவே பழகிக்கட்டும்."

லெனாவின் முகம் சிவந்தது. என்ன தப்பாகச் சொன்னேன் என்று மிர்லாந்திடம் கேட்டாள். மிர்லாந்த் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்தாள். நீங்கள் என்னை நம்ப வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன் என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் போகாமல் நின்றாள்.

எல்லாரும் மிர்லாந்தைப் பார்த்தார்கள். பெயர் கொடு என்று அவள் சொன்னால் கொடுப்பார்கள். ஒரு தடவை அப்படித்தான் அவள் பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்தார்கள். இன்னொரு தடவை தப்பாகப் போனால் பணம் மட்டும் போகாது, சிலரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் ஆபத்து இல்லை. கெல்லம் பலகையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பார்லோ அதே ரோட்டில் அடுத்த காரை நிறுத்துவான், இங்கே இவர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு பூசணி நறுக்குவார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்தப் பெண்மேல் இல்லை. ஒரு நல்ல வார்த்தையைக்கூட நல்லவர்கள் சொல்ல முடியாமல் பாழாக்கிவிட்டுப் போனானே, அவன்மேல்.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு இருபது டாலர் நோட்டை எடுத்தாள். மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு லெனாவின் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோ."

வேண்டாம் என்று லெனா ஆரம்பித்தாள். மிர்லாந்த் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எடும்மா. இது சோல் பணம் இல்ல. என் பணம்."

கிரெயோலிலும் ஒரு தடவை சொன்னாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. என் பணம். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. ஈவ்ரோஸ் கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். லெனா நோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப ஃபீஸ் வாங்கிட்ட," என்றாள் மிர்லாந்த். "நீ யாரோட வக்கீல்?"

"உங்க வக்கீல்."

"இவங்களப் பாத்துச் சொல்லு. சத்தமா."

லெனா திரும்பி நின்று சொன்னாள். பழக்கமில்லாத குரல், ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தலைக்கு மேலே போதகர் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு சுவரோரத்திலிருந்து ஒதிலோன் எழுந்தான். கட்டுப்போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு மேசைவரை நடந்து வந்தான்.

"பேரு எழுதிக்கோங்க," என்றான். "ஒதிலோன் சென்ஃபார். அது என் பணம்."